ஞானஸ்நானத்துக்கு முன்னால்

அக்கா தங்கை இருவரில், பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்த பெரியவள், கிறிஸ்தவ வேதத்தில் சேருவதென்று முடிவெடுத்ததுமே செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் பாதிரியாரிடம் போய் நின்றாள்.

பாதிரியார் சிரித்தார். "உங்களுக்கு அது வேண்டாம்மா. ஞானஸ்நானத்துலயே பழைய பாவமெல்லாம் போயிடும். மனசார வருத்தப்பட்டா போதும்."

"நான் யாருக்குப் பாவம் செஞ்சேனோ அவ உயிரோட இருக்கா, ஃபாதர்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்போ முதல்ல அவங்ககிட்ட போங்க."

மறுநாள் வேலை முடிந்ததும், விரலிடுக்கில் பல் அச்சு எடுக்கும் மாவு ஒட்டியபடியே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஞானஸ்நானம் வாங்கப் போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உனக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை திடீர்னு வேண்டாம்னு போனாரே, அதுக்கு நான்தான் காரணம். உனக்கு வலிப்பு வரும்னு அவங்க வீட்டுல போய்ச் சொன்னேன். எனக்கு முன்னாடி உனக்கு அமையுதேன்னு வயித்தெரிச்சல்."

ஊசி அப்படியே நின்றது. சின்னவளின் துடுக்கு வாயால்தான் அந்த இடம் தட்டிப்போனது என்று அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். சின்னவளும் அதையே நம்பி, அதன்பின் எந்த வரனுக்கும் தலையாட்டவில்லை.

"பொய்ப் பல்லு செய்யறவதானே" என்றாள் தங்கை. அவள் முகத்தில் சிரிப்பில்லை. "தலையில தண்ணி ஊத்தினா உன் பாவம் போயிடும். எனக்குப் போனது?"

"அதனாலதான் முன்னாடியே வந்தேன். என்ன செய்யணும், சொல்லு."

"அம்மாகிட்ட சொல்லு. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

பெரியவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு வார்த்தையையும் மென்று விழுங்காமல் முழுக்கச் சொன்னாள்.

பிறகு அம்மா, "சின்னவகிட்ட குடு" என்றாள்.

தங்கை போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண் சிவந்து திரும்பி வந்தவள், "கெளம்பு. உன் மூஞ்சியப் பார்க்க முடியல" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில மாதா கோயில்ல ஞானஸ்நானம். வான்னு கூப்பிட எனக்கு வாயில்ல. தெரிஞ்சுக்கோன்னு சொல்றேன்."

ஞாயிறன்று தண்ணீர் ஊற்றும்போது பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை வந்தாலும் வராவிட்டாலும் இதில் பின்வாங்குவதில்லை என்று முடிவுகட்டியிருந்தாள். வெளியே வந்தபோது வாசல் ஓரமாகத் தங்கை நின்றிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

தங்கை தோளில் கிடந்த துப்பட்டாவை உருவி நீட்டினாள். "தலையத் துவட்டு. சளி புடிச்சுக்கும்."