உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

கல்லூரி ஆய்வகத்தில் எட்டுக் கணினிகள் சேர்ந்து கணக்குப் போட்டும் ஒற்றைக் கணினியைவிட மெதுவாகத்தான் ஓடின. பொன்செல்வி மறுபடியும் கம்பிகளைப் பிடுங்கி முனைகளைத் துடைத்தாள். தூத்துக்குடியில் மின்விசிறி நின்றாலும் வண்டி மக்கர் பண்ணினாலும் பழி உப்புக்காற்றுக்குத்தான். அவளும் அதை நம்பித்தான் கம்பிகளையெல்லாம் மாற்றியிருந்தாள்.

துறைத்தலைவர் கிருபாநிதி எட்டிப் பார்த்தார். "சாயங்காலம் கமிட்டி வருதும்மா. வேகம் காட்டலன்னா கணினியெல்லாம் வேற துறைக்குப் போயிரும். ஒரு கணினி இன்னொண்ணுக்குச் செய்தி அனுப்புத மாதிரி நிரல் எழுதியிருக்கலாம்லா?"

"எட்டுக்கும் நினைவகம் ஒண்ணேதாங்கிற மாதிரி எழுதினாத்தான் சார், கடல் படிக்கிற பிள்ளைங்களும் பயப்படாம எழுதுவாங்க. அலைக் கணக்கு அவங்களுக்குத்தானே?"

"உப்புக்காத்துல எதும்மா உருப்படும்!" என்றபடி போனார்.

அந்தச் சொல் இதமாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. காற்றைக் குற்றம் சொல்லும்வரை தான் எழுதியதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லையே.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மூத்தாரின் மனைவி சுடலைச்செல்வி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள்.

"ஏளா, பீரோ சாவியத் தூக்கிட்டு வந்துட்டியா? கல்யாண வீட்டுக்கு மொட்டைக் கழுத்தோடயா போவேன்?"

"கமிட்டிக்குன்னு நல்ல சேலை எடுத்தேன்க்கா. சாவிய மறதியில பையில போட்டுட்டேன்."

"நேத்து நான் கொண்டுபோயிட்டேன்னு நீ மார்க்கெட்டுக்கு ஓடி வந்தே. உன் தட்டு மேல, என் தட்டு கீழ. உன் சேலைய நான் தொடுதேனா, என் சங்கிலிய நீ தொடுதியா? பீரோவும் சாவியும் ஒண்ணுங்கிறதால ரெண்டு பேரும் ரோட்டுலயே குடும்பம் நடத்துதோம்!"

சிரித்துக்கொண்டே சாவியை நீட்டிய கை பாதியில் நின்றது.

"என்னளா, பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

"அக்கா, நீங்க கல்யாணத்துக்குப் போங்க. எனக்கு வேலை இருக்கு." சாவியை அவள் கையில் திணித்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

கணினிகளுக்கிடையே நினைவகம், பல எண்கள் அடங்கிய பக்கம் பக்கமாகத்தான் போய்வரும். ஓர் எண்ணை மாற்றவும் முழுப் பக்கமும் அந்தக் கணினிக்கு வர வேண்டும். அலைக் கணக்குக்கான கடற்பரப்பை எட்டுத் துண்டாக்கிக் கணினிக்கொன்று கொடுத்தவள், இடத்தை வீணாக்கக் கூடாதென்று துண்டுகளை நினைவகத்தில் நெருக்கி அடுக்கியிருந்தாள். ஒன்றின் கடைசி வரிசையும் அடுத்ததன் முதல் வரிசையும் ஒரே பக்கத்தில் கிடந்தன. யாரும் யார் எண்ணையும் தொடவில்லை. பக்கம் மட்டும் ஓயாமல் கம்பியில் அலைந்தது.

ஒவ்வொரு துண்டும் புதுப் பக்கத்தில் தொடங்கும்படி இடையே வெற்றிடம் விட்டு எழுதினாள். முதல் ஓட்டம் பிழையில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். அடுத்த ஓட்டத்தில், ஒற்றைக் கணினி பாதிக் கடலைக்கூடத் தாண்டாதபோது, எட்டும் சேர்ந்து முடித்துவிட்டிருந்தன.

கமிட்டியோடு வந்த கிருபாநிதி திரையைப் பார்த்து மலர்ந்தார். "புதுக் கம்பி வேலை செய்யுதா?"

ஆமாம் என்றால் போதும்.

"கம்பி எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு, சார். நான் அடுக்கினதுதான் தப்பு," என்ற பொன்செல்வி, கமிட்டிக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. எங்க தப்பாச்சுன்னு முதல்ல காட்டுதேன்."