தூளியின் முந்நூறு கிராம்

வருஷக் கடைசிக்குள் நாட்டில் எடை குறைந்த குழந்தையே இருக்கக் கூடாது என்று அரசாங்கம் உறுதி எடுத்திருந்தது. அந்த உறுதி படிப்படியாக இறங்கி சுகாதார நிலையத்தின் மூலை அறைக்கு வந்து சேர்ந்தபோது, தராசில் ஒரு திருகைத் தொடாமல் விடுகிற வேலையாகச் சுருங்கியிருந்தது.

குழந்தையை உட்கார வைக்கும் துணித்தூளியை மாட்டியதும் முள் முந்நூறு கிராமுக்குப் போகும். திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையை ஏற்ற வேண்டும். பதினோரு வருஷமாக நர்ஸ் அப்படித்தான் செய்தாள்.

"இனிமே திருகுல கை வைக்காதீங்க. முந்நூறு கிராம்ல யாரு குடி முழுகிடப் போகுது?" என்று காலையில் மேற்பார்வையாளர் அம்மா சொல்லிவிட்டார்.

மதியத்துக்குள் பத்தொன்பது குழந்தைகள், வளர்ச்சி அட்டையில் எடைக்குறைவைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். சிவப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் தரும் சத்துமாவுப் பொட்டலங்கள் அலமாரியில் அப்படியே கிடந்தன. தாய்மார்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

பிறகு தங்கை வந்தாள், ஒன்றேகால் வயது மகளோடு. மேற்பார்வையாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். நர்ஸின் விரல் தானாகத் திருகுக்குப் போய் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தியது. யோசிக்கக்கூட இல்லையே என்பதுதான் பிறகு அவளை உறுத்தியது.

ஏழு கிலோ நானூறு. சிவப்பு.

"என்னக்கா, எல்லாப் பிள்ளைங்களும் தேறிடுச்சாம். எம்பொண்ணு மட்டும் சிவப்பா?"

"மாவு தர்றேன். ஒரு மாசம் குடு."

"பெரியம்மாவே நர்ஸா இருந்தும், வீட்டுல பிள்ளையப் பட்டினி போடுறாங்கன்னு வெளிய நிக்கிறவங்க பேச மாட்டாங்களா? எம்மேல அப்படி என்னக்கா கோவம் உனக்கு?"

மற்ற பிள்ளைகளும் தேறவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், வெளியே நிற்பவர்கள் அத்தனை பேரும் உள்ளே வருவார்கள்.

"வாய மூடிட்டு எடுத்துட்டுப் போடி."

தங்கை பொட்டலத்தைப் பையில் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

திரும்பி வந்த மேற்பார்வையாளர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "ஒரு சிவப்பா? இருக்கட்டும். ஒண்ணாவது இருந்தாத்தான் நம்புவாங்க."

அடுத்து ஒரு கட்டட வேலைக்காரி. இடுப்பிலிருந்த பையனுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு, அதே குச்சிக் கை.

"கொஞ்சம் இரும்மா," என்று நர்ஸ் திருகைப் பழையபடி திருப்பினாள். முள் சரியாக முந்நூறில் நின்றது.

பையனை ஏற்றினார்கள். எடை சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

"தேறிட்டானா சிஸ்டர்?"

"தேறிட்டான்," என்றாள், எழுதுவதிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.