நடுவில் ஆளில்லாத ஊர்

ஓரகத்திகள் இருவரும் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதில்லை. சுத்தமாகப் பேச்சே இல்லை என்று சொன்னால் அது பொய். நாள் முழுக்கப் பேசுவார்கள், நடுவில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். "டேங்க் நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்தணும்னு சிலருக்குத் தோணாது பாருங்க" என்று பெரியவள் பால்காரரிடம் சொல்வாள். "போட்டவங்கதானே நிறுத்தணும், கேளுங்க" என்று சின்னவளும் அதே பால்காரரிடம் சொல்வாள். அந்த மனிதர் பால் ஊற்றியதைவிட இவர்களுக்குத் தூது போனதுதான் அதிகம்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு பேச்சு. பெரியவளின் மகள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த அன்று, ஓடி வந்து முதலில் கட்டிக்கொண்டது சித்தியை. கூடத்தில் உறவுக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். பெரியவளுக்குச் சுருக்கென்றது. "யாரு தூக்கி வளத்தாலும் பெத்தவளுக்குத்தான் பிள்ளையோட அருமை தெரியும்" என்று சொல்லிவிட்டாள். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. பெரியவள் வேலைக்குப் போக, அந்தக் குழந்தையை மூன்று மாதத்திலிருந்து இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். அன்றைக்கு மூடிய வாயை அவள் பெரியவளிடம் திறக்கவே இல்லை.

இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள், ஊழியர் குடும்பத்துக்கென்று கிடைத்த இரண்டு இடங்களையும் அம்மாவுக்கும் சித்திக்கும் போட்டுவிட்டாள். வெளிநாட்டில் ஒரு கடலோர ஊர், மூன்று நாள். விமான நிலையத்தில் வைத்துத்தான் நிபந்தனையைச் சொன்னாள்.

"நேருக்கு நேர் ஒரு வார்த்தையாவது பேசிட்டு வாங்க. இல்லன்னா கல்யாணத்தன்னைக்கு ரெண்டு பேரும் மேடைக்கு வரவேணாம். கீழ உக்காந்து பாருங்க."

சின்னவள் விமானத்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பெற்ற தாயைக் கீழே உட்கார வைக்க எந்தச் சொந்தமும் விடாது. கீழே உட்காரப்போவது தான் ஒருத்திதான். ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்தது. ஆனால் அந்த வார்த்தையை ஏன் நான் முதலில் பேச வேண்டும் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடல் தெரியும் அறை என்று சொல்லியிருந்தார்கள். குளியலறை ஜன்னலில் கழுத்தை நீட்டினால் தெரிந்தது. தெருவில் இறங்கினால் தொப்பிக் கடை, நீச்சல் வளையம் விற்கும் கடை, சங்கு விற்கும் கடை, மறுபடியும் தொப்பிக் கடை. வெயிலில் தோல் சிவந்த மனிதர்கள் ஈரத் துண்டோடு அலைந்தார்கள்.

முதல் நாள் சமாளித்தார்கள். பெரியவள் மகளுக்கு போன் போட்டு, "உன் சித்திகிட்ட ஏசியைக் குறைக்கச் சொல்லு" என்பாள். சித்தி அதே கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். "ரிமோட் உங்கம்மா தலைமாட்டுலதான் இருக்குன்னு சொல்லு" என்று போனைப் பார்த்துச் சொல்வாள். இரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண், "இனிமே நான் போன் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சொன்னபடியே எடுக்கவும் இல்லை.

பெரியவள் லேசுப்பட்டவளா? வரவேற்பு மேஜைக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிடப் போகணும், சிலர் இன்னும் தலை சீவி முடிக்கல" என்று அவரிடம் தமிழில் முறையிட்டாள். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அறையில் ஏழு துண்டுகள் சேர்ந்துவிட்டன. சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

கடைசி நாள் நாலு மணிக்கு விமான நிலையத்துக்கு பஸ். மூன்றரைக்கு இருவரும் ஒரு செருப்புக் கடையில் நின்றார்கள். பெரியவளுக்கு ஒரு நீல நிறச் செருப்பு பிடித்துப்போனது, மகளுக்கு வேண்டும். போனில் மகளின் படத்தைக் காட்டி, இவளுக்கு என்று சைகை செய்தாள். கடைக்காரம்மா கையை அகட்டியும் குறுக்கியும், என்ன அளவு என்று கேட்டாள். பெரியவள் முழித்தாள். பெற்ற பெண்ணின் கால் அளவு அவளுக்குத் தெரியவில்லை.

சின்னவள் வருடா வருடம் பள்ளிக்கூடச் செருப்பு வாங்கிக் கொடுத்தவள். முன்னால் வந்து, அடுக்கிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, கையால் ஒரு சாணும் அதற்கு மேல் இரண்டு விரலும் வைத்து அளந்தாள். சின்னதாக இருந்தது. அடுத்ததை எடுத்தாள். பெண்ணுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது, வார் உரசும் என்று அதையும் வைத்துவிட்டு, வார் தளர்ந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

கடைக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. படத்தைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பாக அவளைக் காட்டி, "மம்மி?" என்றாள்.

அன்றைக்குக் கூடத்தில் நடந்தது இங்கேயும் நடக்கப்போகிறது, அதோடு மேடையும் போயிற்று என்று சின்னவள் நினைத்தாள். "நோ, நோ" என்று அவசரமாகப் பெரியவளைக் காட்டினாள்.

நீட்டிய அந்த விரலைப் பெரியவள் பிடித்துக் கீழே இறக்கினாள். கையை விடவில்லை. முகத்தைக் கடைக்காரம்மா பக்கம் வைத்துக்கொண்டே பேசினாள்.

"நான் பெத்தேன், அவ்வளவுதான். வளத்தது இவ. காய்ச்சல்ல விழுந்தா எம்பொண்ணு 'சித்தி'ன்னுதான் முனகுவா. அது எனக்குத் தாங்கல. அதான் அன்னைக்கு அத்தனை பேர் முன்னால நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன். அப்புறம் எத்தனையோ தடவை சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வீம்பு விடல. நான் சொன்னது தப்பு. இவகிட்ட சொல்லுங்க."

கடைக்காரம்மா ஒரு எழுத்தும் புரியாமல் தலையாட்டினாள். செருப்பைப் பையில் போட்டு நீட்டினாள்.

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான். கூடவே, இதைக் கேட்க ஒன்பது வருடம் ஆயிற்றே என்ற கோபமும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாதுக்கா. என்கிட்டயே சொல்லுங்க."

பெரியவள் அவள் பக்கம் திரும்பி நின்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள்.