தட்டில் நுரை

ஆய்வகத்தில் எல்லோரும் குருவி என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு ஒரே ஓர் இணைப்புப் புரதத்தின் மேல்தான் அத்தனை பிடிவாதம். வளரச் சொல்லும் செய்தியோடு வளர்ச்சிக் காரணி செல்லின் வாசலில் வந்து நின்றால், அந்தச் செய்தியை உள்ளே இருப்பவர்களிடம் கோர்த்துவிடுவது இந்தப் புரதம். சொந்தமாக ஒரு வேலையும் செய்யாது, தரகர் மாதிரி. செய்தியை ஓடவிடுவது மட்டுமல்ல, அதை நிறுத்துகிற ஆளையும் அதுவேதான் கூட்டிவருகிறது என்பது குருவியின் கட்சி. ஓடவிடுவது மட்டும்தான் என்று எழுதிப் பட்டம் வாங்கியவள் பக்கத்து மேஜைக்காரி. இவள் அவளை அக்கா என்பாள். கட்சி வேறானாலும் இருவருக்கும் ஒரே சாப்பாட்டு டப்பா.

நிரூபிக்க வேண்டுமென்றால் செல்களை முதலில் பட்டினி போட வேண்டும். செல்கள் வளர வழக்கமாக ஊற்றும் சீரத்திலேயே வளர்ச்சிக் காரணி இருக்கிறது. அது இல்லாத வெறும் திரவத்தில் வைத்தால்தான் உள்ளே சத்தம் அடங்கும். பிறகு காரணியைக் கொடுத்து, புரதம் நீக்கிய செல்களில் செய்தி நேரத்துக்கு நிற்கிறதா என்று பார்க்கலாம்; நிற்காவிட்டால் குருவி சொல்வது சரி. குருவிக்கு மட்டும் சத்தம் அடங்கவே இல்லை. காரணியே கொடுக்காத தட்டிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காகத் தன் கையையே நொந்துகொண்டாள். இந்த முறையும் சொதப்பினால் இந்த வேலையை மூட்டை கட்டிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

“விடுடி, செல்லு என்ன நம்ம பேச்சையா கேக்கும்,” என்று அக்கா முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

அன்று காலை தட்டிலிருந்து திரவத்தை உறிஞ்சும்போது நுரை பொங்கியது. வெறும் திரவம் இப்படி நுரைக்காது, சீரம் கலந்தால்தான் நுரைக்கும். இவள் கலக்கவில்லை. தட்டை வைத்திருந்த இன்குபேட்டரைத் திறப்பவர்களோ இரண்டே பேர், இவளும் அக்காவும். குருவி பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, என் தட்டுல சீரம் ஊத்தினியா?”

அக்கா மெதுவாகக் கையுறையைக் கழற்றினாள். “நீ சொல்றது சரின்னு எனக்கு எப்பவோ தெரியும்டி. நானே ஒரு தடவை செஞ்சு பாத்தேன். அது வெளிய வந்தா நான் எழுதினதெல்லாம் என்ன ஆகும்?”

பாவி, இதைச் சொல்லும்போதுகூடக் குரல் பிசிறவில்லை.

“அப்புறம் நான் அழுதப்பல்லாம் எதுக்குப் பக்கத்துல வந்து உக்காந்தே?”

“நீ அழுதா எனக்குத் தாங்காதே.”

அதில் பொய் இல்லை என்பதுதான் குருவியின் நெஞ்சைக் கிழித்தது. வழிந்த கண்ணீரோடே தட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்கு நடந்தாள். அக்கா பின்னாலேயே வந்தாள்.

“முகத்தைக் கழுவிட்டுப் போடி,” என்றாள், வழக்கமான அதே பாசத்தோடு.

குருவி கழுவாமலே உள்ளே போனாள்.