பென்சில் புள்ளிக்கு ஒரு கட்டம்

1

இந்தக் கதை என் சமையலறைச் சுவரை இடித்தபோது கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திருக்கோவிலூரில் நாங்கள் வீடு கட்டி முப்பது வருடம் ஆகிறது. சமையலறையையும் அதை ஒட்டிய சாமி அறையையும் புதுப்பிக்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பதியை வரவழைத்தேன். அய்யப்பன், சுபஸ்ரீ. பழைய வீட்டை, ஆட்கள் குடியிருக்கும்போதே, அறை அறையாகப் புதிதாக்கித் தருவது அவர்கள் தொழில். முதல் தடவை போன் செய்தபோது நான் அவர்களிடம் ஒரு வாக்கியம் சொன்னேன். அது என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் என்னை உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடும். இன்னும் ஐந்து பகுதிகள் இருக்கின்றன.

இது 2021-ன் தொடக்கம். தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு பிரிவினர் போராடும் மாதங்கள். உளுந்தூர்பேட்டையில் சாலை மறியல். நின்ற லாரிகளில் ஒன்றில் என் டைல்ஸ் இருக்கிறது. வேலை பாதியில் நிற்க, அளவெடுக்க வந்த சுபஸ்ரீ இரண்டு டம்ளர் டீ குடிக்கும் நேரத்தில் இதைச் சொன்னாள். பாதி அவள் சொன்னது, மீதி நான் பூசியது. பூச்சு எங்கே தெரிகிறதோ அங்கே தட்டிப் பாருங்கள்.

2

மழை ஓய்ந்த மாலை. சுபஸ்ரீயின் கூந்தலில் முல்லைச் சரம் அசைய, அய்யப்பன் அவளையே

வேண்டாம். அவள் தலையில் சிமெண்ட் தூசிதான் இருந்தது. இருபத்தாறு குடும்பக் காதல் நாவல் எழுதிய கை, பூவைத் தேடித்தான் முதலில் போகிறது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஓராண்டு கடந்திருந்த அந்த

இதுவும் வேண்டாம். அரசு விழா மலர் மாதிரி இருக்கிறது.

நேராகவே சொல்கிறேன்: சுபஸ்ரீக்கு ஒரு கணக்கு மென்பொருள் வேண்டும்.

மாத இதழ் ஆசிரியரிடம் இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "கணக்கு சாஃப்ட்வேரா? அதுல லவ் எங்கம்மா இருக்கு?"

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் கழிச்சு புருஷனும் பொண்டாட்டியும் எதுக்குச் சண்டை போடுறாங்கன்னு பாருங்க சார். அதுல இருக்கு."

"கடைசியில சேந்துடுவாங்கல்ல?"

நான் போனை வைத்துவிட்டேன். என் எழுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக.

3

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடி அறை. மென்பொருள் விற்கும் தீனதயாளன் பஸ் ஓடாததால் தியாகதுருகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்தார். இரண்டு மென்பொருள்கள். பெயர்கள் எதற்கு? திரையின் நிறத்தைக்கொண்டு சுபஸ்ரீ வைத்த பெயர்களே போதும்: நீலம், பச்சை.

"நீலத்துல எல்லாம் கட்டுசெட்டா இருக்கும் மேடம். ஆள் பேரு, போன் நம்பரு, வேலை, கூலி. அவ்ளோதான். நாம ஒண்ணும் மாத்த முடியாது, வெலையும் ஜாஸ்தி. பச்சை கம்மி. போன்லயே ஓடும். கல்வராயன் மலைல வேலை எடுக்குறீங்க, வெள்ளிமலை தாண்டுனா டவர் இருக்காது பாருங்க, அங்கியும் ஓடும். அப்புறம், எந்தக் கட்டம் வேணுமோ நீங்களே சேத்துக்கலாம்."

"அப்ப பச்சைதான். இதுக்கு இன்னா யோசனை?" என்றார் அய்யப்பன்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேசையின் மறுபக்கத்தில், சோதனைக்காக ஆட்கள் நோட்டைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்த எழில்மதி தலையை நிமிர்த்தினாள்.

(எழில்மதியை அறிமுகப்படுத்த மறந்துவிட்டேன். அந்த அறையிலும் அப்படித்தான், அவள் இருப்பதையே மறந்துவிட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பி.காம். முடித்தவள். பழைய நோட்டுகளைக் கணினியில் ஏற்ற இரண்டு மாதத்துக்குச் சுபஸ்ரீதான் அவளை அமர்த்தினாள். அவர்களிடம் பதினோரு வருடமாக டைல்ஸ் ஒட்டும் பாவாடையின் மகள்.*)

"அக்கா, சில பேருக்குப் பக்கத்துல பென்சில்ல புள்ளி வெச்சிருக்கீங்களே, அத எந்தக் கட்டத்துல போடணும்?"

* பாவாடை அய்யப்பனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் அய்யப்பனுக்கு அவர் 'வாடா பாவாடை'தான். நானும் முதல் படியில் 'பாவாடை வந்தான்' என்று எழுதி, அடித்து, 'வந்தார்' ஆக்கினேன். பிறகு அந்த வாக்கியமே தேவையில்லாமல் போயிற்று. அடித்த கோடு மட்டும் தாளில் நிற்கிறது.

4

அந்தப் புள்ளி என்ன என்று நான் விளக்க வேண்டியிருப்பது, உங்களில் பாதிப் பேருக்கு மட்டும்தான்.

புதிதாக வீடு கட்டும்போது யார் கல் வைத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பிறகு தீட்டுக் கழியப் புண்ணியதானம் செய்து, பால் காய்ச்சிவிடலாம். குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிப்பது வேறு. சமையலறையில் குழம்பு கொதிக்கும்போதே ஆள் உள்ளே வந்து நிற்பார். அதனால் வீட்டுக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள், ஆள் பார்த்து அனுப்பும்படி. யாரும் சாதிப் பெயரைச் சொல்வதில்லை. சொல்லாமலே புரிந்துகொள்வதற்குத்தான் புள்ளி. இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்குப் புள்ளி. அவர்களுக்குக் குளியலறை, மொட்டைமாடி, வெளிச்சுவர். சமையலறையும் சாமி அறையும் கிடையாது. பாவாடையைப்போல மூலை சேர்த்து டைல்ஸ் ஒட்ட அந்த வட்டாரத்தில் ஆளில்லை. பதினோரு வருடத்தில் அவர் ஒரு சமையலறைக்குள்ளும் போனதில்லை.

சுபஸ்ரீ வைத்த புள்ளிகள்தான். ஆனால் வைத்து வைத்து, அவை அவள் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. இல்லாவிட்டால் அந்த நோட்டை எழில்மதியின் கையில் கொடுத்திருப்பாளா?

தீனதயாளன் உதவி செய்கிறோம் என்று நினைத்தார். "அதான் சொன்னேனே, பச்சைல வசதி இருக்குதும்மா. 'சேர்'னு இருக்கே, அத அமுக்கு. புதுக் கட்டம் வரும். மேடம், அதுக்குப் பேரு இன்னான்னு வைக்கலாம்?"

எழில்மதியின் விரல் நோட்டில் ஒரு பெயரின்மேல் இருந்தது. யாருடைய பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"நீலத்தையே வாங்கிக்கலாம்" என்றாள் சுபஸ்ரீ.

"ஏய், இன்னாத்துக்கு? அது ஆனை வெலைக்கு…"

"அதுல கட்டம் சேக்க முடியாதில்ல."

"வேணாங்க்கா" என்றாள் எழில்மதி. "நீலம் வாங்குனா, சாஃப்ட்வேர்ல எடமில்லன்னு சொல்லித் தப்பிச்சுக்குவீங்க. பச்சையே வாங்குங்க. எடம் இருக்கும்போதே வைக்காம இருங்க பாக்கலாம்."

அய்யப்பனுக்கு முகம் சிவந்தது. "நாங்களா வைக்கிறோம்? வூட்டுக்காரங்க கேக்குறாங்க. ஊரே கொதிச்சிக்கினு கெடக்குது, இப்பப் போயி இது தேவையா?"

"ஒங்க தம்பி உளுந்தூர்பேட்டை ரோட்ல உக்காந்துக்கினு இன்னா கேக்குறாரு?" என்றாள் சுபஸ்ரீ. "எங்கள எண்ணு, எங்க பங்கக் குடுன்னு கேக்குறாரு. நியாயந்தான். அதே நேரத்துல இங்க நாம பென்சில வெச்சிக்கினு யார எண்ணிக்கினு இருக்கோம்?"

"ஆளுங்க முன்னாடி பேசாத. வாய மூடு."

"மூட மாட்டேன். நீங்க சொன்னீங்க, நான் வெச்சேன். என் கையிங்க அது."

(என் நாவல்களில் கதாநாயகி இந்த இடத்தில் கண் கலங்கி உள்ளே போவாள். இவள் போகவில்லை. நான் இரண்டு தடவை அனுப்பிப் பார்த்தேன்.)

எழில்மதி மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவுக்குத் தெரியும்ணா. ஒருநாள் நானே கேட்டேன், சமையல் ரூமுக்கு ஏன் ஒன்ன அனுப்ப மாட்டேங்குறாங்கன்னு. புள்ளி இருக்குது, ஆனா பென்சில்லதான வெச்சிருக்காங்க, அழிச்சிடுவாங்கன்னாரு. பதினோரு வருஷமா அதையே சொல்லிக்கினு இருக்காரு." நோட்டை மூடினாள். "புள்ளி வேணும்னா, ஆளுங்க பட்டியல்ல வேணாம். வாடிக்கையாளர் பட்டியல்ல ஒரு கட்டம் சேக்குறேன். ஆள் பாத்து அனுப்புன்னு கேக்குறவங்களுக்குப் புள்ளி. புள்ளி இருக்கிற வூட்டுக்கு நாம வேலைக்குப் போறதில்ல."

"பத்து வூடு போயிடும்" என்றார் அய்யப்பன்.

"போவட்டும்" என்றாள் அவர் மனைவி.

"சரி, போன் போட்டு இத யாரு கேக்குறது? என்னால ஆவாது."

"நான் கேக்குறேன்ணா."

தீனதயாளன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

5

எழில்மதி இவ்வளவு தெளிவாகப் பேசியிருப்பாளா என்று எனக்கே சந்தேகம். முதல் படியில் அவளை அழவைத்தேன். படித்துப் பார்த்தால், அவள் அழுதால் எனக்குச் சௌகரியமாக இருந்தது. கண்ணீரைத் துடைத்துவிட்டு எழுந்துபோய்விடலாம். ஆகவே அழுகையை எடுத்துவிட்டேன். 'பங்கக் குடு' என்பது சுபஸ்ரீ சொன்னதே. ஹெல்மெட் என்னுடையது.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வாடிக்கையாளர்கள் எல்லாரும் மனம் திருந்துகிறார்கள். அதைப் படித்துவிட்டு என் மகள், "அம்மா, இது எந்த ஊர்ல?" என்றாள். இன்னொன்றில் தொழில் நொடித்து அய்யப்பனும் சுபஸ்ரீயும் ஊரைவிட்டே போகிறார்கள். அது மிரட்டல். ஆசிரியர் கேட்ட முடிவும் ஒன்று இருக்கிறது: அய்யப்பன் அன்று மாலை ரப்பர் வாங்கி வந்து ஒன்பது புள்ளிகளையும் தானே

தெரியாது. அழித்தாரா என்று சுபஸ்ரீ சொல்லவில்லை. நானும் அவருக்காக அழிக்க மாட்டேன்.

6

இப்போது அந்த வாக்கியம்.

"சாமி ரூமும் சேர்ந்த வேலை. கொஞ்சம் ஆள் பாத்து அனுப்புங்க."

அவ்வளவுதான். கத்தரிக்காய் வாங்கும்போது முற்றல் இல்லாமல் பார்த்துப் போடச் சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னேன். சுபஸ்ரீ என்னிடம் ஏன் இந்தக் கதையைச் சொன்னாள் என்பது அவள் போய் மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் கதை கேட்பதாக நினைத்துக்கொண்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை போன் வந்தது.

"வணக்கம்ங்கம்மா. எழில்மதி பேசுறேன். ஒங்க டைல்ஸ் வந்துடுச்சு. நாளைக்குச் சமையல் ரூமுக்கும் சாமி ரூமுக்கும் எங்க அப்பாதான் வர்றதா இருக்குது. ஒங்க பேருக்கு நேரா ஒரு கட்டம் காலியா இருக்குதுங்க. இன்னா போடட்டும்?"

நான் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினேன்.

"யோசிச்சே சொல்லுங்க. பென்சில் இல்லீங்க இது. போட்டா தேதியோட நிக்கும்."

சொன்னேன். அவள் "சரிங்க" என்றாள்; ஒரு தட்டல் கேட்டது. நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நல்லதைச் சொன்னேன் என்று எழுதினால் என்னை மெச்சிக்கொண்டு புத்தகத்தை மூடுவீர்கள். கெட்டதைச் சொன்னேன் என்றால் என்னைத் திட்டிக்கொண்டு மூடுவீர்கள். எப்படியும் மூடிவிடுவீர்கள். இருபத்தாறு நாவல்களில் மூடவிட்டது போதும்.

உங்கள் வீட்டிலும் ஒரு சமையலறை இருக்கிறது. என்றாவது அதில் டைல்ஸ் பெயரும். எழில்மதியின் பட்டியலில் எனக்கு அடுத்த வரி இது:

பெயர்: ____________

சமையலறைக்கு ஆள் பார்த்து அனுப்ப வேண்டுமா: ____________