இல்லாத பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். சொந்தப் பெயரைச் சொன்னால் யாரது என்று கேட்பார்கள். முப்பது வருடம் பயிற்சிப் பள்ளி நடத்தினார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு வியர்த்து வழிய, அவர் இடது சீட்டில் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அந்தச் சாவகாசத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதித்துவிடுவார்.

இப்போது வயது எழுபத்தாறு. பள்ளியை மூடியாயிற்று. மிச்சம் இருப்பது பழைய கார் ஒன்று, மனைவி, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு என்றால் மகள். பிறந்தது முதல் பேச்சு வராத, ஊட்டிவிட்டால் மட்டும் சாப்பிடுகிற மகள். தூக்கி உட்கார வைக்கக்கூட இவர்களுக்குத் தெம்பில்லாமல் போன பிறகு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் விட்டார்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஞாயிறு காலையில் இவர்கள் கார் சத்தம் கேட்கும்வரை அவள் கட்டிலோரத்து ஜன்னல் கம்பியை விடமாட்டாள். போகாத வாரம் அன்று முழுக்கப் பட்டினி கிடப்பாள்.

போன வாரம் போகவில்லை. இன்சூரன்ஸ் முடிந்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த தொகையைப் பார்த்ததும் மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. "வயசானதுக்கு அபராதம் போடுறாங்க" என்று முணுமுணுத்துத் தள்ளிப்போட்டார், தேதி தாண்டிவிட்டது. தாண்டினால் வண்டியை நேரில் பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் புது பாலிசி. இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறங்குகிற ஆளும் அவர் இல்லை. காப்பகத்திலிருந்து போன் வந்தது, பிள்ளை சாப்பிடவில்லை என்று. மனைவி அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

படம் எடுக்க வந்த ஏஜென்ட் அவரிடம் படித்தவள்தான். முதல் நாளே குப்பைத் தொட்டியை முத்தமிட்டவள். இப்போது நாற்பதைத் தாண்டிய பொறுப்பான பெண்மணி.

"மாஸ்டர், முழு பாலிசி உங்களுக்குக் கட்டுப்படியாகாது. வண்டியோட மதிப்பே கொஞ்சம்தான். ஓட்டுற தூரத்துக்கு மட்டும் பணம் கட்டுற மாதிரி ஒண்ணு இருக்கு. அதவிடக் கம்மின்னா, நம்மளால மத்தவங்களுக்கு ஏதாவது ஆனா மட்டும் குடுக்கிறது. அதுல உங்களுக்கும் அம்மாவுக்கும் எதுவும் வராது. கூட வர்றவங்களுக்குத் தனியா கொஞ்சம் கட்டிச் சேர்த்துக்கணும்."

"அதச் சேர்த்துடு. அவ இல்லாம நான் எங்க போறேன்."

"கண்ணு எப்படி இருக்கு மாஸ்டர்?"

"கண்ணுக்கென்ன, கழுகு மாதிரி இருக்கு."

பொய். போன வருடமே டாக்டர் சொல்லிவிட்டார், இடது பக்கப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்று. மாஸ்டர் அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. நேரே பார்த்தால் ரோடு தெரிகிறதே, அது போதாதா என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். சாவியைக் கீழே வைத்தால் மகள் பட்டினி. அந்த ஒரு கணக்குதான் அவருக்குத் தெரிந்தது.

ஏஜென்ட் வண்டியைச் சுற்றிவந்தாள். வலப்பக்கம் பளபளவென்று இருந்தது. இடப்பக்கம் பம்பர் மூலையில் ஒரு சொட்டை, கதவில் நீளக் கீறல், கண்ணாடியில் டேப். அவள் ஒன்றும் கேட்காமல் படம் எடுத்தாள். கேட்டிருந்தால் பக்கத்து வீட்டு வேன்மேல் பழிபோடலாம் என்று அவர் தயாராக இருந்தார்.

"சேஸிஸ் நம்பர் இதுல இடது சீட்டுக்குக் கீழ இருக்கும், இல்ல மாஸ்டர்?" என்று கதவைத் திறந்தாள். தரையில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கப்போனவள் அப்படியே நின்றாள். அவரும் குனிந்து பார்த்தார்.

மனைவி உட்காரும் இடம். மேட் முழுவதும் புதிதாக இருந்தது. வலது கால் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து, கிழிந்து, குதிகால் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

வேறு யாராவது பார்த்திருந்தால் மேட் மாற்றுகிற நாள் வந்தாயிற்று என்றிருப்பார்கள். மாஸ்டருக்கு அது எந்த இடம் என்று தெரியும். முப்பது வருடம் பயிற்சி வண்டியில் தன் குதிகாலை ஊன்றியிருந்த இடம் அது. இவளுக்கு மட்டும் அங்கே பிரேக் இல்லை. வெறும் தரையை மிதித்திருக்கிறாள், வாராவாரம்.

அப்போதுதான் மனைவியின் பேச்சும் புரிந்தது. நாற்பது வருடமாக வண்டியில் வாயே திறக்காதவள் இந்த ஒரு வருடமாக ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். 'அந்தச் சைக்கிள்காரன் எவ்வளவு மூட்டை ஏத்தியிருக்கான் பாருங்க.' 'ஓரமா ஒரு அம்மா குழந்தையோட போறாங்க.' வயதானால் வாய் நீளும் என்று கேலிகூடச் செய்திருந்தார். பேசியதெல்லாம் இடது பக்கத்தைப் பற்றி மட்டும்தான் என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

மனைவி தண்ணீர்ச் சொம்போடு படியில் நின்றிருந்தாள். அவர் பார்வை போன இடத்தை அவளும் பார்த்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"கூடவே இருக்கேன். தெரியாதா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க வண்டிய எடுக்க மாட்டீங்க. அப்புறம் அவள யாருங்க பாக்குறது?"

மகளுக்காகத் தான் ஒருவன்தான் துணிந்ததாக மாஸ்டர் நினைத்திருந்தார். அடி விழும் பக்கத்தில் இவள் உட்கார்ந்து வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது அவருக்கு. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஏஜென்ட் கையில் வைத்தார்.

"கழுகுமில்ல, ஒண்ணுமில்ல. இடது பக்கம் எனக்குத் தெரியாதும்மா. இனி நான் ஓட்டல. ஆனா ஞாயித்துக்கிழமை வண்டி போகணும். அதுக்கு ஒரு வழி சொல்லு."

ஏஜென்ட் படிக்கட்டிலேயே உட்கார்ந்து யோசித்தாள். "மத்தவங்களுக்கான பாலிசி மட்டும் போதும். உங்க ரெண்டு பேருக்கும், சம்பள டிரைவருக்கும் சேர்த்துக்கலாம், அதுக்குப் பெருசா ஆகாது. முழு பாலிசிக்குக் கட்ட இருந்த பணத்துல மிச்சமாகுறத டிரைவருக்குக் குடுங்க. ஸ்கூல் வேன் ஓட்டுறவர் ஒருத்தருக்கு ஞாயித்துக்கிழமை லீவு. உங்ககிட்ட படிச்சவர்தான். வண்டிக்கு அடிபட்டா மட்டும் செலவு உங்களோடது."

"வண்டிதானே," என்றார் மாஸ்டர்.

ஞாயிறு காலை வேன்காரர் வந்து, சாவியை வாங்கும் முன் பழைய பழக்கத்தில் கைகட்டி நின்றார். மாஸ்டர் மனைவியைப் பின் சீட்டில் ஏறச் சொன்னார். அவர் முன்னால், இடப்பக்கம். மேட்டை மாற்றவில்லை. காலை வைத்ததும் குதிகால் அந்த ஓட்டைக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது.

வண்டி கடைத்தெருவைத் தாண்டி, பாலத்தில் ஏறி இறங்கி, காப்பகத்து ரோட்டில் திரும்பியது. பின்னாலிருந்து பேச்சே இல்லை. கோபமோ என்று மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மகளுக்கான சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் போப்பா," என்றார் மாஸ்டர்.