அடிப்பெட்டிக் களிம்பு

காலையில் மாரிசெல்வியின் முகத்தைப் பார்த்ததும் என் கையிலிருந்த செம்பு நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தன. அதன்மேல் பழுப்பும் கருப்புமாகத் திட்டுகள். மூக்கோரம் தோல் பொருக்குவிட்டு நின்றது. இடது கண் பாதி மூடிவிட்டது.

"எரியுது மதினி. கண்ணு தொறக்க மாட்டேங்கு."

வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயம். கயத்தாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அன்று புதன். களிம்பைப் பூசிவிட்டது நான்தான். அவள் என் புருஷனுக்கு ஒரே தங்கச்சி, நானோ வாழ வந்தவள். பொறாமையில் முகத்தைப் பொசுக்கிவிட்டாள் என்றுதானே ஊர் பேசும்!

தீப்பெட்டி ஆபீசில் நாங்கள் நாலு பேர் சேர்ந்துதான் களிம்பு வாங்குவோம், ஆளுக்கொரு டியூப். மங்குக்கு ஒன்று, பருவுக்கு ஒன்று, பழைய தோலை உரிக்க ஒன்று, முகம் மினுங்க ஒன்று. குச்சி அடைக்கிற அடிப்பெட்டிகளில் ஆளுக்குக் கொஞ்சம் பிதுக்கிப் பங்கு வைத்துக்கொள்வோம். என் பங்கை என் கன்னத்தில் கருப்பாகப் படர்ந்த மங்குக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். நிச்சயம் என்றதும் மனசு கேட்கவில்லை, அவளே போட்டுக்கொள்ளட்டும் என்று எடுத்தேன். தீக்குச்சி முனை மருந்தில் ஒவ்வொரு சாமானும் தனியாகக் கிடந்தால் ஒன்றுக்கும் ஆகாது. கலந்தால்தான் உரசியதும் பிடிக்கும். வருஷக்கணக்கில் அதையே பார்த்த புத்தி எனக்கு. நாலையும் ஒரே பெட்டியில் வழித்துப் போட்டுக் குச்சியால் கலக்கி, முந்தின நாள் சாயங்காலம் பூசிவிட்டேன். எரியுது என்றாள். "எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம், பொறுட்டி" என்றேன். என் வாயில் மண்ணள்ளிப் போட!

செம்பு விழுந்த சத்தத்தில் என் மாமியார் சுடலையம்மாள் ஓடிவந்தாள். மகளைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ எம் பிள்ள! என்னட்டி இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாரி முந்திக்கொண்டாள். "என்னமோ பூச்சி கடிச்சிட்டும்மா."

எனக்காகத்தான் சொன்னாள். நானும் கல்லுமாதிரி நின்றேன். சீ, நானும் ஒரு பொம்பளையா!

அத்தையும் நானும் மாரியைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனோம். தோல் டாக்டர் பத்து மணிக்குத்தான் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"பூச்சியா? ரெண்டு கன்னத்துலயும் அளவெடுத்தா கடிக்கும்? என்னம்மா போட்ட?"

மாரி ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

"இமை வரைக்கும் பொசுங்கியிருக்கு. கண்ணுக்குள்ள போயிருந்தா பெரிய வம்பு. எதைப் போட்டீங்கன்னு தெரியாம நான் எப்படி வைத்தியம் பாக்க?"

பக்கத்திலேயே அத்தை நிற்கிறாள். சொன்னால் அந்த வீட்டில் என் பிழைப்பு அன்றோடு சரி. சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் கண்? பாழாய்ப்போன பிழைப்பு, இருந்தென்ன போயென்ன! கிளம்பும்போதே முந்தானையில் முடிந்து வைத்திருந்த களிம்புப் பெட்டியை அவிழ்த்து மேசையில் வைத்தேன். அடியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"நாந்தான் சார் போட்டேன். மங்குக்கு, பருவுக்கு, தோலு உரிக்க, மினுக்கத்துக்கு. நாலயும் ஒண்ணாக் கலந்து போட்டுட்டேன்."

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

டாக்டர் கண்ணைக் கழுவிச் சொட்டுமருந்து விட்டு, விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணு தப்பிச்சுது" என்றார். "ஒவ்வொண்ணும் தனித்தனியா, அளவாப் போடுற மருந்தும்மா. சிலதை ஒரே நாள்லகூடச் சேக்கக் கூடாது. ஒண்ணாக் கலந்தா தோலைத் தின்னுரும். இந்தக் கருப்பு, மங்கு மருந்தும் பரு மருந்தும் சேந்த கறை. அது போயிரும். பொசுங்குனது ஆறணும். வெயிலே படக் கூடாது. தழும்பு விழுமான்னு பத்து நாள் கழிச்சுத்தான் சொல்லமுடியும்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நான், நடுவில் மாரி, அந்தப் பக்கம் அத்தை. தன் முந்தானையை இழுத்து மகளின் முகத்தை மூடியிருந்தாள். நிச்சயத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கயத்தாற்றுக்கு ஆள் அனுப்ப வேண்டும். பாதி தூரம் வந்ததும் அத்தை கேட்டாள்.

"ஏட்டி ஆவுடை. ஒம் மூஞ்சிலயும் அதப் போட்டியா?"

"இல்ல அத்தை."

"ஏன் போடல?"

உண்மையைச் சொன்னாலும் இனி யார் நம்புவார்கள்? அவள் கேள்வியில் எல்லாம் இருந்தது. நாளைக்கு ஊரும் இதையேதான் கேட்கும்.

முந்தானைக்குள்ளிருந்து மாரியின் குரல் வந்தது.

"இருந்ததே ஒரு மூஞ்சிக்குத்தாம்மா. மதினி தன் மங்குக்குன்னு வச்சிருந்தாவ. பூராத்தயும் எனக்கே போட்டுட்டாவ."

அத்தை என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மங்கை அவள் அன்றுதான் பார்த்தாளோ என்னவோ. பிறகு முந்தானையின் நுனியை மகளுக்கு மேலாக என் கையில் கொடுத்தாள்.

"ஒம் பக்கந்தான் வெயிலடிக்கி. விடாமப் பிடி."

பிடித்தேன். ஊர் வந்து சேரும்வரை நான் அதை விடவே இல்லை.